கருகும் வரை

அப்பாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் பெரியவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கணவனை விட்டுவிட்டு, இரண்டு பெட்டிகளோடும் ஆறு வயது மகளோடும் இந்த மாடிப்படி ஏறி வந்து ஒரு வாரம் ஆகிறது. அன்று கதவைத் திறந்தது அப்பாதான். எதுவும் கேட்கவில்லை. "வாம்மா" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். ஆனால் அவர் பார்வை அவள் முகத்தில் படவில்லை. காதோரமாக விலகி, பின்னால் இருந்த சுவரில் போய் நின்றது.

அன்றிலிருந்து அப்படித்தான். சாப்பிடும்போதும் சுவர். பேசும்போதும் சுவர். வெள்ளிக்கிழமை, மகளுக்குப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது என்று அவள் ஓடி வந்து சொன்னபோதுகூட, "அப்ப திங்கக்கிழமைலேருந்து வாண்டு என் வண்டியிலேயே வரட்டும்" என்று சுவரிடம்தான் சொன்னார்.

அப்பா அந்தப் பள்ளியின் பஸ் டிரைவர். வாண்டு என்பது அவர் பேத்திக்கு வைத்த பெயர்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். திட்டு ஒரு நாளில் முடிந்துவிடும். முகத்தைப் பார்க்காமல் இருப்பது முடிவதே இல்லை. பல் தேய்க்கும்போதும், துணி மடிக்கும்போதும், மகள் உறங்கிய பிறகு இருட்டில் விழித்துக் கிடக்கும்போதும் அது கூடவே இருந்தது.

வெளியே மழை விட்டு விட்டுத் தூறியது. சமையலறையிலிருந்து முட்டை உடைக்கும் சத்தம் கேட்டது. எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அடுப்பு அப்பாவுடையது. பான்கேக் தவிர வேறெதுவும் அவருக்குச் செய்ய வராது. பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது அம்மாவுக்கு ஞாயிறு காலையும் சலவைக் கடையில் வேலை இருந்தது. பசியில் இரண்டும் கத்த, மாவுப் பாக்கெட்டின் பின்பக்கத்தில் அச்சடித்திருந்ததைப் பார்த்து முதல் தடவை சுட்டார். அதை யாராலும் வாயில் வைக்க முடியவில்லை. அடுத்த வாரமும் சுட்டார். பிறகு அது அந்த வீட்டின் வழக்கமாகிவிட்டது. அம்மாவுக்கு ஞாயிறு விடுமுறை கிடைத்த பிறகும் அடுப்பை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை.

"மாவை ரொம்ப அடிக்காதேன்னு இந்த வீட்டுல எத்தனை தடவை சொல்றது?" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். மாவைக் கலக்கிக்கொண்டிருந்தது தம்பி. "கட்டி கட்டியா இருக்கட்டும். வழவழன்னு ஆக்கினா ரப்பர் மாதிரி வரும்."

"நான் கலக்கினா ரப்பர், நீங்க கலக்கினா பஞ்சு. எனக்கு எப்பவும் இந்த நியாயம்தான்" என்றான் தம்பி. செல்போன் கடையில் உடைந்த திரைகளை மாற்றுகிறவன். கண்ணாடிச் சில் குத்தி, ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தான். "அக்கா, வா வா. உனக்கும் ரெண்டு திட்டு மிச்சம் வெச்சிருக்காரு."

அவள் சிரிக்கவில்லை. எனக்குத்தான் அதுகூடக் கிடைப்பதில்லையே என்று நினைத்தாள்.

அம்மா மேசையின் அந்தப் பக்கம், அடுப்பைப் பார்த்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். முன்னால் டீ. சலவைக் கடையில் நாள் முழுக்கப் பட்டன் தைக்கிறவள். வீட்டில் ஒரு நிமிடம் சும்மா உட்கார மாட்டாள். ஞாயிறு காலை மட்டும் இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது பெரியவளுக்குப் புதிதாக இருந்தது. அவள் கல்யாணமாகிப் போன பிறகு வந்த பழக்கமாக இருக்கலாம்.

அப்பா விரலை நனைத்துத் தவாவில் ஒரு சொட்டு தெளித்தார். சொய்ங் என்று அது உருண்டோடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அடுப்பைக் குறைத்தார். வெண்ணெய் தடவினார். ஒரு கரண்டி மாவை நடுவில் ஊற்றினார். அது தானாகவே வட்டமாகப் பரவி நின்றது.

அம்மா டீயைக் கலக்கிக்கொண்டிருந்தாள். ஸ்பூன் கப்பின் விளிம்பில் மெல்லப் பட்டுப் பட்டு ஒலித்தது. பிறகு சாசரில் ஸ்பூனை வைத்தாள்.

அப்பா திருப்பினார். பொன்னிறம். ஓரம் முதல் நடு வரை ஒரே நிறம்.

"இதுக்குத்தாம்பா உங்களை மன்னிச்சு விடறோம்" என்றான் தம்பி. "இல்லேன்னா போன வாரம் பஸ் கண்ணாடியை உடைச்சதுக்கு…"

"நான் எங்கடா உடைச்சேன்? கம்பத்தைக் கொண்டுபோய் நடு ரோட்டுல நட்டு வெச்சிருக்கான்."

"கம்பம் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுச்சா?"

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அடுத்த கரண்டி மாவு விழுந்ததும் மறுபடி டீயைக் கலக்க ஆரம்பித்தாள்.

பெரியவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மா சர்க்கரையை விட்டு வெகு காலமாகிறது. டாக்டர் சொன்ன அன்றே டப்பாவைத் தூக்கி மேல் தட்டில் வைத்தவள். சர்க்கரை போடாத டீயை எதற்குக் கலக்குகிறாள்?

மனதில் ஏதோ ஓடுகிறது போல. என்னைப் பற்றித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க அவளுக்கு எல்லாமே தன்னைப் பற்றியதாகத்தான் தெரிந்தது.

ஸ்பூன் சாசரில் விழுந்தது. அப்பா திருப்பினார். பொன்னிறம்.

அப்போது வாண்டு வந்தது. திங்கட்கிழமை போட வேண்டிய சீருடையை இன்றைக்கே போட்டுக்கொண்டு, பையையும் மாட்டிக்கொண்டு வந்து அடுப்பருகே நின்றது.

"தாத்தா, நாளைக்கு எனக்கு முன்னாடி சீட்டு வேணும்."

"மகாராணிக்கு இல்லாத சீட்டா? எனக்குப் பின்னாலேயே உட்காரு. யாராவது உட்கார்ந்தா எழுப்பி விட்டுடலாம்."

"நீ வேகமாப் போவியா?"

"நீ சொன்னா போவேன்."

வாண்டு குதித்தது. அப்பா அடுத்த மாவை ஊற்றினார்.

அம்மா கப்பைத் தொடவில்லை. ஸ்பூனைக் கையில் பிடித்தபடி பேத்தியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பை பெரிது. குழந்தையின் தோளைவிட்டு இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருந்தது.

தவாவில் குமிழிகள் எழும்பின. உடைந்தன. உடைந்த இடமெல்லாம் சின்னக் குழிகளாக நின்றன. திருப்ப வேண்டிய நேரம் அதுதான் என்று இந்த வீட்டில் வளர்ந்த யாருக்கும் தெரியும்.

அப்பா தட்டைக் கரண்டியைப் பிடித்தபடி நின்றார்.

குழிகள் காய்ந்தன. ஓரம் பழுப்பாகி மேலே சுருண்டது. அப்பா தலையை லேசாகச் சாய்த்தார். எதையோ கேட்க முயல்கிறவர் போல.

மெல்லிய புகை கிளம்பியது.

"அப்பா, தீயுது" என்றான் தம்பி.

அப்பா அசையவில்லை. தவாவைப் பார்க்கவும் இல்லை. அவர் முகம் அம்மா இருந்த பக்கம் திரும்பியிருந்தது.

"ஏன் வைக்கல?" என்று கேட்டார். மிகவும் தாழ்ந்த குரல்.



"எதை வைக்கல?" என்றாள் பெரியவள்.

தம்பி எழுந்து போய் அடுப்பை அணைத்தான். கருகிய வாடை அறை முழுக்கப் பரவிவிட்டது. வாண்டு மூக்கைப் பொத்திக்கொண்டு, "தாத்தா கோட்டை விட்டுட்டாரு!" என்று சிரித்தது. வேறு யாரும் சிரிக்காததைக் கண்டு மெல்ல நிறுத்திக்கொண்டது.

"அம்மா, எதை வைக்கல?"

அம்மா ஸ்பூனை மேசையில் சத்தமில்லாமல் படுக்க வைத்தாள். "மாவு வெந்தா நான் ஸ்பூனைக் கீழ வைப்பேன். அதைக் கேட்டுத்தான் உங்கப்பா திருப்புவாரு. குமிழி வந்துச்சா வரலையான்னு அவருக்குத் தெரியாது."

"தெரியாதுன்னா?"

"தெரியாதுன்னா தெரியாது. கண்ணு போச்சு. ரெண்டு கண்ணும்."

மழை சற்று வலுத்தது. ஜன்னல் கம்பியில் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது. பெரியவளுக்கு உடைந்த பஸ் கண்ணாடி நினைவுக்கு வந்தது. நடு ரோட்டில் நட்டிருந்த கம்பம் நினைவுக்கு வந்தது. காதோரமாக விலகிப் போன அந்தப் பார்வை நினைவுக்கு வந்தது.

"முழுசாப் போகலை" என்றார் அப்பா. கரண்டியை இன்னும் கீழே வைக்கவில்லை. "ஓரமெல்லாம் தெரியும். நடுவுலதான். வெயிலைப் பாத்துட்டுக் கண்ணை எடுத்தா ஒரு கறுப்புப் புள்ளி வந்து நிக்கும் பாரு, அது மாதிரி. எதைப் பாத்தாலும் அது மேல வந்து நின்னுக்குது. மழைக்காலத்துக்கு முன்னாடியே கண் டாக்டரைப் பாத்துட்டோம். போனது போனதுதான், இருக்கறதைக் காப்பாத்தலாம்னாரு."

"வண்டி ஓட்டலாம்னு சொன்னாரா?"

அப்பா கரண்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"ஓட்டவே கூடாதுன்னாரு" என்றாள் அம்மா.

"அது என் ரோடு. எனக்கு மனப்பாடம். சைடுல பாத்துப் பாத்தே ஓட்டிடுவேன். பரீட்சை முடிஞ்சு லீவு விடற வரைக்கும்னுதான்…"

"அதனாலதான் என்னை…" பெரியவள் ஒரு அடி முன்னால் வந்தாள். "நான் வந்ததுலேருந்து நீங்க என் முகத்தையே பாக்கல. நான் புருஷனை விட்டுட்டு வந்தது உங்களுக்குப் பிடிக்கலைன்னு நினைச்சேம்பா. தினம் அழுதுட்டுத்தான் படுத்தேன்."

அப்பா அவள் குரல் வந்த பக்கம் திரும்பினார். பார்வை பழையபடி அவள் காதோரமாகப் போய் நின்றது.

"உன் மூஞ்சியைப் பாக்கணும்னா நான் உன் காதைத்தாம்மா பாக்கணும். நேராப் பாத்தா நீ இருக்க மாட்டே. பாத்துட்டேதான் இருந்தேன். எளைச்சுப் போயிட்டே."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். வாண்டு வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டது.

அழுது ஓய்ந்தபோதுதான் மற்றொன்று உறைத்தது. ஒரு வாரமாக நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த பாரம் இறங்கியிருந்தது. இறங்கிய இடத்தில் அதைவிடக் கனமான ஒன்று ஏறி உட்கார்ந்தது. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"நீ தனியாச் சொல்லியிருக்கலாமே என்கிட்ட. இப்படி எல்லார் முன்னாடியும் அவரை நிக்க வெச்சிருக்க வேண்டாமே?"

"சொல்லுங்கன்னு அவர்கிட்டத்தான் சொல்லிச் சொல்லிப் பாத்தேன். நேத்தும் சொன்னேன். நாளைக்கு நம்ம குழந்தை ஏறுதுங்க, இன்னிக்காவது போன் பண்ணி நின்னுடுங்கன்னேன். பேத்தி ஏறினா இன்னும் ஜாக்கிரதையா ஓட்டுவேங்கறாரு. நான் என்னதான் பண்றது? வாயைத் திறந்து சொல்ல வரல. சும்மா இருந்தேன். அவ்வளவுதான்."

"நம்ம குழந்தை" என்றாள் பெரியவள்.

"ஆமா."

"இத்தனை நாளா ஏறினதெல்லாம் யாரு குழந்தைம்மா?"

அம்மாவின் கை மேசையில் எதையோ தேடியது. டீ கப்பைப் பிடித்தது. விட்டது.

"அதுங்க ஏறினப்ப உனக்கு டீயைக் கலக்க முடிஞ்சுது. என் பொண்ணு பையை மாட்டிட்டு வந்து நின்னதும்தான் கை ஓடல."

"அக்கா, விடு" என்றான் தம்பி.

"நீ சும்மா இருடா. உனக்குத் தெரியுமா தெரியாதா?"

தம்பி பிளாஸ்திரியைப் பார்த்தான். "கண்ணாடி உடைஞ்சப்ப சந்தேகம் வந்துச்சு. கேக்கலை."

தட்டில் சுட்டு வைத்த பான்கேக்குகள் ஆறிக்கொண்டிருந்தன. வாண்டு மட்டும் ஒன்றை எடுத்துத் தேன் ஊற்றி, பையைக் கழற்றாமலேயே நின்றபடி தின்றது. பெரியவர்கள் சண்டை போடும்போது வேகமாகச் சாப்பிட்டுவிட வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. அதை எங்கே கற்றுக்கொண்டது என்பது பெரியவளுக்குத் தெரியும்.

அப்பா கரண்டியைக் கழுவும் தொட்டியில் போட்டார்.

"சூப்பர்வைசருக்குப் போன் போடுடா. ஸ்பீக்கர்ல போடு."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் சூப்பர்வைசர் எடுத்தார். பின்னால் டிவி சத்தம் கேட்டது. "சொல்லுங்கண்ணே. ஞாயித்துக்கிழமை அதுவுமா!"

"நாளைலேருந்து நான் வண்டி எடுக்கலை தம்பி. எனக்குக் கண்ணு தெரியலை."

டிவி சத்தம் நின்றது.

"தெரியும்ணே" என்றார் சூப்பர்வைசர்.

அப்பா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஷெட்டுல நீங்க வண்டியை ரிவர்ஸ் எடுக்கறதைப் பாத்தாலே தெரியுதே. பரீட்சை வரைக்கும் ஓட்டிடுவீங்க, அப்புறம் கௌரவமா அனுப்பி வெக்கலாம்னு இருந்தேன். உங்களை மாதிரி ஆளு எனக்கு எங்க கிடைப்பான்? சரி, நாளைக்கு ஒரு நாள் மட்டும் எடுங்க. சாயங்காலத்துக்குள்ள வேற ஆளைப் பிடிச்சுடறேன்."

மழைச் சத்தத்தை மட்டும் போன் வாங்கிக்கொண்டிருந்தது. பெரியவள் மகளின் தோளைப் பிடித்தாள். ஒரு நாள் என்பது எவ்வளவு சின்னதாகக் கேட்கிறது என்று தோன்றியது.

"இல்ல தம்பி. எடுக்க மாட்டேன்."

"அண்ணே…"

"வண்டி கீழதான் நிக்குது. ஆளை அனுப்பி எடுத்துட்டுப் போயிடுங்க. நானா கொண்டுவந்து விட மாட்டேன்."

சூப்பர்வைசர் பெருமூச்சு விட்டார். "சரி. வண்டி ரிப்பேர், நாளைக்கு வராதுன்னு பேரன்ட்ஸ் குரூப்புல மெசேஜ் போட்டுடறேன். ஆனா ஒண்ணுண்ணே, இந்தக் கண்ணு விஷயம் உங்க வீட்டோட இருக்கட்டும். வெளிய போச்சுன்னா எனக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். இத்தனை வருஷம் நல்ல பேரோட இருந்துட்டீங்க."

"சரி" என்றார் அப்பா.

தம்பி போனை அணைத்தான். அப்பா நாற்காலியைக் கையால் தடவிக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். வீட்டில் இத்தனை நாளும் அவர் இப்படித் தடவிப் பார்த்ததில்லை. இனி மறைக்க வேண்டியதில்லை என்றானதும் ஒரே நொடியில் பத்து வயது கூடிவிட்ட மாதிரி இருந்தது.

"முடிஞ்சுது" என்றார். "ஆளுக்கு ரெண்டு எடுத்துச் சாப்பிடுங்க. ஆறிப்போகுது."

தம்பி ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டான். மெல்லத் தெரியாதவன் போல வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தான். பெரியவளும் ஒன்றை எடுத்தாள். நன்றாகத்தான் வந்திருந்தது. பஞ்சு போல, வெண்ணெய் மணத்தோடு. அதுதான் தாங்க முடியவில்லை.

அம்மா எழுந்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வாசலில் செருப்பைத் தேடினாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் அப்பா.

"கீழ் வீட்டுக்கு."

"எதுக்கு?"

"அந்த நர்ஸம்மா பொண்ணு தினமும் உங்க வண்டியிலதான் போகுது. உங்களுக்குப் பின்னாடி சீட்டு. விடியறதுக்கு முன்னாடியே அந்தம்மா டியூட்டிக்குக் கிளம்பிடும். குழந்தைக்குச் சட்டை போட்டு, பொத்தான் மாட்டி, வண்டியில ஏத்தி விடறது நான்தான்." செருப்பு ஒரு காலில் ஏறியது. மற்றொன்று ஏறவில்லை. "என் கையாலதான் ஏத்தி விட்டேன். நீ கேட்டியே பெரியவ, யாரு குழந்தைன்னு."

"இப்ப சொல்லி என்ன ஆகப் போகுது?" அப்பாவின் குரல் உடைந்தது. "அதான் நிறுத்திட்டேனே! ஒண்ணும் ஆகலையே! இந்தத் தெருவுல தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா நான்? ஏய், சொல்றேன்ல. போகாதே."

அம்மா நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. பெரியவளுக்குப் போகச் சொல்லவும் வாய் வரவில்லை, தடுக்கவும் வாய் வரவில்லை. போனால் அப்பாவின் பேர் போகும். போலீஸ் வரலாம். இந்த வீட்டை விட்டால் அவளுக்கும் மகளுக்கும் போவதற்கு வேறு வீடு இல்லை. போகாவிட்டால்?

படியில் காலடிச் சத்தம் இறங்கியது.

பெரியவள் எழுந்து வெளியே வந்தாள். மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள். அம்மாவின் நடு வகிடு மட்டும் தெரிந்தது. கதவைத் தட்டும் ஓசை கேட்டது. முதலில் மெதுவாக. பிறகு கொஞ்சம் பலமாக.

கதவு திறந்தது. கீழ் வீட்டுக்காரி ஈரத் தலையைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அடடே, வாங்கக்கா. இப்பத்தான் மெசேஜ் பாத்தேன். வண்டி ரிப்பேராமே? அண்ணன் மழையில போராடுவாரேன்னு நினைச்சேன். நாளைக்கு ஒரு நாள்தானே, நான் ஆட்டோவுல அனுப்பிக்கறேன். நீங்க இதுக்குப் போய்ப் படியிறங்கி வரணுமா?"

அம்மா உள்ளே போகவில்லை. வாசற்படியிலேயே நின்றாள்.

மேலே வீட்டுக்குள்ளிருந்து அப்பா கூப்பிடுவது கேட்டது. இரண்டு தடவை. பெயர் சொல்லாமல், "இந்தா" என்று மட்டும்.

"வண்டி நல்லாத்தாம்மா இருக்கு" என்றாள் அம்மா.

கீழ் வீட்டுக்காரியின் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் அப்படியே இருந்தது.